டார்ம்ல இருந்து ஃபிராடர்னிட்டி, சொரோரிட்டி வீட்டுக்கு மாறப் போறீங்களா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

எங்க பொண்ணு அமெரிக்கால மிட்வெஸ்ட் பக்கம் ஒரு பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டில படிக்கிறா. முதல் வருஷம் டார்ம், அதாவது காலேஜ் ஹாஸ்டல், ரெண்டாவது வருஷம் சொரோரிட்டி வீடு. சொரோரிட்டின்னா காலேஜ் பொண்ணுங்களோட மெம்பர் சங்கம், ஃபிராடர்னிட்டின்னா ஆம்பளப் பசங்களோடது, அந்த மெம்பர்ஸ் சேர்ந்து தங்கற வீடுதான் இது. இந்த ஒரு மாற்றத்தை முடிக்கிறதுக்குள்ள நாங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. டார்ம் ஆபீஸ்ல கேட்டா சாப்டரை, அதாவது அந்த சங்கத்தோட காம்பஸ் கிளையைக் கேளுங்கன்னாங்க, சாப்டர்ல கேட்டா வீட்டை வெச்சிருக்கற ஹவுஸ் கார்ப்பரேஷனைக் கேளுங்கன்னாங்க, அங்க மெயில் போட்டா பதில் வர்றதுக்கே நாளாச்சு, இதுக்கு நடுவுல ஒரே செமஸ்டருக்கு ரெண்டு இடத்துல இருந்தும் பில் வந்து நின்னுச்சு. நம்ம ஆளுங்க வீட்டுப் பசங்க நிறைய பேர் இப்போ இந்த வீடுகளுக்குப் போறாங்க, ஆனா அப்பா அம்மாவுக்கு இதுல முன் அனுபவம் கிடையாது, பசங்களும் ஆசைல முதல்ல கையெழுத்தைப் போட்டுட்டு அப்புறம்தான் சொல்றாங்க. அதனால எதை எப்போ யார்கிட்ட கேக்கணும்னு வரிசையா எழுதறேன். மாறப் போற பசங்களும் படிங்க, பில் கட்டப் போற பெத்தவங்களும் படிங்க.

இந்த வீடு நல்லதா கெட்டதாங்கற விவாதத்துக்கு நான் வரல. எங்க பொண்ணுக்கு அங்க நல்ல சினேகிதங்க கிடைச்சாங்க, எனக்கு அதுல சந்தோஷம்தான். காண்ட்ராக்ட், காசு, தேதி, இந்த மூணைப் பத்தி மட்டும் பேசுவோம்.

1. எதிர்ல இருக்கறது யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

எல்லாப் பிரச்சனையும் இங்கதான் ஆரம்பிக்குது. வெளில இருந்து பார்க்க எல்லாம் காலேஜ்தான்னு தோணும், ஆனா இதுல குறைஞ்சது மூணு பேர் இருக்காங்க. ஒண்ணு யுனிவர்சிட்டி ஹவுசிங் ஆபீஸ், டார்ம் காண்ட்ராக்ட் அவங்களோடது. ரெண்டாவது சாப்டர், அதாவது அந்த காம்பஸ்ல இருக்கற மெம்பர் பசங்க, பிரசிடென்ட், ட்ரெஷரர், ஹவுஸ் மேனேஜர் எல்லாம் பத்தொம்பது இருபது வயசுப் பசங்கதான், வருஷா வருஷம் மாறுவாங்க. மூணாவது ஹவுஸ் கார்ப்பரேஷன், பழைய மெம்பர்ஸ் சேர்ந்து நடத்தற தனி அமைப்பு, பெரும்பாலும் வீடு இவங்க பேர்லதான் இருக்கும், ஹவுஸ் காண்ட்ராக்ட்ல எதிர்ப்பக்கம் கையெழுத்து போடறதும் இவங்கதான். இதுக்கெல்லாம் மேல நேஷனல்ஸ்னு சொல்ற தலைமை ஆபீஸ் வேற இருக்கு.

அதனால சாப்டர்ல ஒரு பொண்ணு "டார்ம் காண்ட்ராக்ட் தானா கேன்சல் ஆயிடும், கவலைப்படாதீங்க"ன்னு சொன்னா அதை நம்பி இருக்காதீங்க. நல்ல மனசோடதான் சொல்றா, ஆனா டார்ம் விஷயத்துல முடிவு சொல்ற அதிகாரம் அவகிட்ட இல்ல. அந்தந்த விஷயத்துக்கு அந்தந்த ஆள்கிட்ட இருந்து ஈமெயில்ல பதில் வாங்குங்க.

சில காலேஜ்கள்ல வீடே யுனிவர்சிட்டிக்குச் சொந்தம். அங்க காண்ட்ராக்ட் ஹவுசிங் ஆபீஸ்லயே மாறிடும், பாதித் தலைவலி குறையும். இன்னொரு விஷயம், டெல்டா ஃபி ஒமேகா, சிக்மா பீட்டா ரோ, பீட்டா கை தீட்டா மாதிரி 1990கள்ல நம்ம சவுத் ஏஷியன் பசங்க ஆரம்பிச்ச அமைப்புகள்ல சேர்ந்திருந்தா, அங்க பெரும்பாலும் பெரிய சொந்த வீடு இருக்காது. மெம்பர்ஸ் நாலஞ்சு பேர் சேர்ந்து சாதாரண வாடகை வீடோ அபார்ட்மெண்டோ எடுப்பாங்க. அது முழுக்க முழுக்க வெளி லேண்ட்லார்டோட போடற லீஸ். அதுல எல்லாரும் சேர்ந்து பொறுப்புன்னு ஒரு வரி வரும், அப்படின்னா ஒரு பையன் வாடகை கட்டாம போனா மத்தவங்க தலைல விழும்.

2. உங்க காலேஜ் உங்களை விடுமான்னு பாருங்க

இது காலேஜுக்குக் காலேஜ் தலைகீழா மாறும். இலினாய் அர்பானா ஷாம்பெய்ன்ல முதல் வருஷப் பசங்க யுனிவர்சிட்டி ஹவுசிங்லயோ இல்ல யுனிவர்சிட்டி சர்டிஃபை பண்ணின தனியார் ஹவுசிங்லயோதான் இருக்கணும். எம்ஐடில முதல் வருஷம் கண்டிப்பா காம்பஸ்லதான். ஒஹையோ ஸ்டேட்ல முதல் ரெண்டு வருஷத்துக்கு காம்பஸ்ல இருக்கற விதி இருக்கு. சியாட்டில்ல யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்ல முதல் வருஷமே நேரா சாப்டர் வீட்டுக்குப் போற பசங்க உண்டு. வாண்டர்பில்ட்ல வீடு இருந்தாலும் அதுல தங்கறது சில ஆபீஸ் பேரர்ஸ் மட்டும்தான். ஆக, பக்கத்து வீட்டு அங்கிள் பையன் வேற காலேஜ்ல எப்படிப் போனான்ங்கறது உங்களுக்கு உதவாது.

ஹவுசிங் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்க. ரெண்டே கேள்வி போதும். ஒண்ணு, அடுத்த வருஷம் நான் காம்பஸ்ல இருந்தே ஆகணுமா? ரெண்டு, இந்த சாப்டர் வீட்டுக்குப் போனா எனக்கு விலக்கு உண்டா, அதுக்கு எந்த ஃபார்ம், கடைசித் தேதி என்ன? சாப்டர் பேரை முழுசா எழுதிக் கேளுங்க, ஏன்னா விலக்கு இருந்தாலும் யுனிவர்சிட்டி அங்கீகாரம் இருக்கற வீட்டுக்குத்தான் இருக்கும்.

ஸ்காலர்ஷிப் லெட்டரையும் எடுத்துப் பாருங்க. சில ஸ்காலர்ஷிப், ஹானர்ஸ் புரோகிராம் எல்லாம் டார்ம்ல இருந்தாத்தான்னு கண்டிஷன் போட்டிருக்கும்.

3. தேதிகளை ஒரே காலண்டர்ல போடுங்க

ஃபால்ல, அதாவது ஆகஸ்ட்ல ஆரம்பிக்கற செமஸ்டர்ல, ரஷ்னு சொல்ற மெம்பர் சேர்ப்பு முடிஞ்சு, பிட்னு சொல்ற சேர அழைப்பை வாங்கி, முழு மெம்பரா ஏத்துக்கற இனிஷியேஷன் சடங்கு முடியறதுக்குள்ளயே அடுத்த வருஷத்துக்கு யார் யார் வீட்டுல தங்கப் போறாங்கன்னு கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. அதே சமயத்துல டார்ம்ல அடுத்த வருஷ ரூமுக்கு சைன்-அப் திறக்கும். வெளி அபார்ட்மெண்ட்காரங்களும் பெரிய காலேஜ் ஊர்கள்ல அக்டோபர் நவம்பர்லயே அடுத்த ஆகஸ்ட்டுக்கு லீஸ் போடுவாங்க. மூணு கதவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல திறந்து மூடும். பதட்டத்துல எதுக்கும் இருக்கட்டும்னு டார்ம் ரூமையும் புக் பண்ணி வைப்பாங்க நம்ம பசங்க. அந்த புக்கிங்கே காண்ட்ராக்ட் ஆயிடற காலேஜ் உண்டு, அப்புறம் விலகறதுக்கு ஃபீஸ் கேப்பாங்க, நாள் ஆக ஆக அந்த ஃபீஸ் ஏறும்.

குறிச்சு வைக்க வேண்டிய தேதிகள்: டார்ம் புதுப்பிக்கிற கடைசித் தேதி, ஃபீஸ் இல்லாம கேன்சல் பண்ற கடைசித் தேதி, ஹவுஸ் காண்ட்ராக்ட் தேதி, டெபாசிட் தேதி, டார்ம் மூடற நாள், வீடு திறக்கற நாள். கடைசி ரெண்டுக்கும் நடுவுல மூணு மாசம் இடைவெளி வரும், அதைப் பத்தி கீழ சொல்றேன்.

ஜனவரில நடு வருஷத்துல மாறச் சொன்னா ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. வீட்டுல யாராவது ஒரு செமஸ்டர் ஃபாரின் படிப்புக்குப் போயிருப்பாங்க, காலிப் படுக்கையை நிரப்ப புது மெம்பரைக் கூப்பிடுவாங்க. ஆனா டார்ம் காண்ட்ராக்ட் பொதுவா ஃபால், ஸ்ப்ரிங் ரெண்டும் சேர்த்துத்தான். ஹவுசிங் ஆபீஸ் விடுவிச்சு லெட்டர் குடுக்காம போனா ரெண்டு வாடகை. முதல் வருஷ நடுவுலயே எங்க பொண்ணைக் கூப்பிட்டப்போ எங்களுக்கு ரெட்டை பில் வந்ததும் இப்படித்தான், அவளைக் கூப்பிட்ட பசங்களுக்கு அந்த விதியே தெரிஞ்சிருக்கல.

4. டார்ம் காண்ட்ராக்ட்டை எழுத்துல முடிங்க

போர்ட்டல்ல கேன்சல் பட்டனை அமுக்கினா போதாது, கன்ஃபர்மேஷன் மெயில் வந்துச்சான்னு பாருங்க, வந்ததும் பிடிஎஃப்-ஆ சேவ் பண்ணி வைங்க. மீல் பிளான் பல இடத்துல தனி காண்ட்ராக்ட், ரூமை விட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். அதைத் தனியா கேன்சல் பண்ணுங்க. காலேஜ் பார்க்கிங் பெர்மிட் இருந்தா அதையும்.

காலி பண்ற அன்னைக்கு சும்மா சாவியை டேபிள்ல வெச்சுட்டு வந்துடக் கூடாது. டார்ம் மாடியைப் பார்த்துக்கற சீனியர் ஸ்டூடன்டை, அதாவது ஆர்.ஏ.வைக் கூப்பிட்டு செக்-அவுட் பண்ணணும், சாவி குடுத்ததுக்கு அத்தாட்சி வாங்கணும். சரியா செக்-அவுட் பண்ணலைன்னு ஒரு சார்ஜ், சாவி வரலைன்னு பூட்டு மாத்தின சார்ஜ், இப்படி ஜூன் மாசம் ஸ்டூடன்ட் அக்கவுன்ட்ல வந்து உக்காரும், அதைக் கட்டாம விட்டா அடுத்த செமஸ்டர் கிளாஸ் ரெஜிஸ்டர் பண்ண முடியாம ஹோல்ட் விழும்.

5. ஹவுஸ் காண்ட்ராக்ட்ல விரல் வெச்சுப் படிக்க வேண்டிய வரிகள்

பதினெட்டு வயசு ஆயிட்டா பையனோ பொண்ணோ தனியா கையெழுத்து போடலாம், ஆனா கூட பேரன்ட் கேரன்டின்னு ஒரு பக்கம் வரும். அதுல கையெழுத்து போட்டா பணத்துக்கு நீங்களும் பொறுப்பு. இந்தப் பக்கம் உங்க கைக்கு வர்றப்ப, கூடவே முழு காண்ட்ராக்ட்டும் சாப்டரோட ஹவுசிங் ரூல்ஸும் வேணும்னு கேளுங்க. கடைசிப் பக்கம் மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னா அனுப்பாதீங்க.

முதல்ல காலம். பத்து மாசமா, பன்னிரண்டு மாசமா, இல்ல ஒன்பது மாசமா? எத்தனை வருஷம்? நிறைய சொரோரிட்டில லிவ்-இன் ரிக்வயர்மென்ட்னு உண்டு, மெம்பரா இருந்தா இத்தனை வருஷம் வீட்டுல தங்கியே ஆகணும், இல்ல வீடு நிரம்பற வரைக்கும் கூப்பிட்டா வந்தே ஆகணும்னு. பிட்டை ஏத்துக்கிட்ட அன்னைக்கே போட்ட பேப்பர்ல அந்த விதி இருக்கலாம். ஃபாரின் படிப்பு, இன்டர்ன்ஷிப், உடம்பு சரியில்லாம போறது, இதுக்கெல்லாம் விலக்கு உண்டான்னு கேளுங்க. இன்ஜினியரிங் பசங்க ஒரு செமஸ்டர் கோ-ஆப்னு படிப்போட சேர்ந்த கம்பெனி வேலைக்குப் போவாங்க, அவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

அடுத்து, நடுவுல விலகினா என்ன? மெம்பர்ஷிப்பை விட்டாலும் வாடகை விடாதுன்னு பல காண்ட்ராக்ட்ல இருக்கும். நடு வருஷத்துல பசங்களுக்கு அங்க பிடிக்காம போகலாம், யாருக்கும் நடக்கும், அப்போ மீதி வருஷத்துக்கான பணமும் கட்டணுமா, இல்ல இன்னொருத்தர் அந்த இடத்துக்கு வந்தா விடுவாங்களா? ஜிபிஏ குறைஞ்சு சாப்டர்ல இருந்து சஸ்பென்ட் ஆனா?

இதைவிட முக்கியம், சாப்டரே மூடிட்டா? இது நிஜமாவே நடக்குது. ஹேசிங் (நம்ம ஊர் ராகிங் மாதிரி), குடி, பார்ட்டின்னு பிரச்சனை வந்து யுனிவர்சிட்டியோ நேஷனல்ஸோ சாப்டரை சஸ்பென்ட் பண்ணுவாங்க, வீடு காலி பண்ண சில வாரம்தான் கிடைக்கும். அப்போ கட்டின பணம் திரும்புமா, எத்தனை நாள் நோட்டீஸ், இந்த ரெண்டையும் காண்ட்ராக்ட்ல தேடுங்க, அதுல இல்லைன்னா ஹவுஸ் கார்ப்பரேஷனுக்கு மெயில் போட்டுக் கேளுங்க.

ரூம் யாருக்கு எதுன்னு முன்கூட்டியே எழுதித் தர மாட்டாங்க. பாயின்ட் சிஸ்டம் இருக்கும், மார்க், மீட்டிங் வருகை, சர்வீஸ், சீனியாரிட்டி எல்லாம் சேர்த்து வரிசை போடுவாங்க. புதுசா வர்றவங்களுக்கு நாலு பேர் ரூம்தான்னு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. காண்ட்ராக்ட்ல கொடுத்த தொகை எந்த ரூமுக்குன்னும் பாருங்க, சில வீட்டுல எல்லாருக்கும் ஒரே ரேட், சில வீட்டுல சிங்கிளுக்கு அதிகம்.

6. நிஜமான செலவைக் கூட்டுங்க

"டார்மைவிட வீடு சீப்"னு எல்லாப் பசங்களும் வந்து சொல்வாங்க. சீப்பா இருக்கற இடமும் உண்டு. ஆனா அவங்க ஒப்பிடறது வாடகையை மட்டும். மத்ததெல்லாம் இப்படி வரும்: ஒவ்வொரு செமஸ்டரும் ட்யூஸ்னு சொல்ற மெம்பர் சந்தா, அதுலயும் சாப்டர் ட்யூஸ், நேஷனல் ட்யூஸ், ஒரு தடவை கட்டற நியூ மெம்பர் ஃபீ, இனிஷியேஷன் ஃபீ, பேட்ஜ், ஹவுஸ் டெபாசிட், டீஷர்ட், ஃபார்மல் டின்னர், கட்டாய மீட்டிங்குக்கு வரலைன்னா ஃபைன். வெளில தங்கற மெம்பரும் பார்லர் ஃபீன்னு ஒண்ணு கட்டுவாங்க, அதனால ட்யூஸ் பகுதி வீட்டுக்கு மாறாட்டியும் இருக்கும்.

கணக்கு புரியறதுக்கு ஒரு உதாரணம் போடறேன், இது நானா வெச்ச எண்கள், நிஜ எண் உங்க சாப்டர் ட்ரெஷரர்கிட்ட வாங்கிப் போட்டுப் பாருங்க. டார்ம் ரூமும் மீல் பிளானும் வருஷத்துக்கு 12,800 டாலர்னு வைங்க. வீட்டுல ரூமும் சாப்பாடும் செமஸ்டருக்கு 5,400, வருஷத்துக்கு 10,800. பார்த்தா 2,000 டாலர் மிச்சம். இப்போ ட்யூஸ் 1,100, டெபாசிட் 400, டீஷர்ட்டு பார்ட்டின்னு 400, வீட்டுல சமையல் இல்லாத சனி ஞாயிறுக்கு வாரம் 40 டாலர்னு 30 வாரத்துக்கு 1,200, கோடைல சாமான் வைக்க ஸ்டோரேஜ் 300. மொத்தம் 14,200. டெபாசிட் முழுசா திரும்பி வந்தாலும், சாப்டர்ல சேராம டார்ம்ல இருக்கறதைவிட 1,000 அதிகம்.

சாப்பாட்டு விஷயத்துல மூணு கேள்வி: வாரத்துல எந்தெந்த வேளை சமைப்பாங்க, சனி ஞாயிறு கிச்சன் திறந்திருக்குமா, வெஜிடேரியனுக்கு தினமும் தனியா புரோட்டீன் இருக்குமா இல்ல சாலட் பார்தானா? பல வீட்டுல திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும்தான் குக் வருவாங்க. ரூம்ல ரைஸ் குக்கர் வைக்க விட மாட்டாங்க. லேப் முடிஞ்சு லேட்டா வர்றவங்களுக்கு லேட் பிளேட்னு ஒரு ஏற்பாடு உண்டு. காலைலயே லிஸ்ட்ல பேர் எழுதிட்டா ஒரு தட்டை ஃபாயில் போட்டு மூடி மேல மார்க்கர்ல பேர் எழுதி ஃப்ரிட்ஜ்ல வெச்சிருப்பாங்க. "நோ மீட்"னு பேர் பக்கத்துல எழுதச் சொல்லுங்க, இல்லைன்னா அன்னைக்கு என்ன மெனுவோ அதுதான் தட்டுல இருக்கும். எங்க பொண்ணு ஆகஸ்ட்லயே குக்கைப் போய்ப் பார்த்து தான் சாப்பிடறது சாப்பிடாதது எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டா, அதுக்கப்புறம் பருப்பு சூப், சன்னா எல்லாம் மெனுல வர ஆரம்பிச்சுது. நேர்ல போய்ப் பேசினா பலன் இருக்கு.

7. பணம் எங்க இருந்து, எப்போ

டார்ம் பில் காலேஜ் அக்கவுன்ட்ல வரும், ஃபைனான்ஷியல் எய்ட் நேரா அதுல கழியும். ஹவுஸ் பில் அங்க வராது, ஒமேகாஃபை மாதிரி தனி பில்லிங் சைட்ல வரும். எய்ட் பணம் முதல்ல ட்யூஷனுக்குப் போய், மீதி இருந்தாத்தான் ரீஃபண்டா பையன் பேங்க் அக்கவுன்ட்டுக்கு வரும், அதுவும் கிளாஸ் ஆரம்பிக்கற சமயத்துலதான். ஆனா ஹவுஸ் பில் அதுக்கு முன்னாடியே கேப்பாங்க. இந்த இடைவெளிக்குக் கையில காசு வேணும், இல்லைன்னா முன்னாடியே பேமென்ட் பிளான் கேளுங்க. லேட் ஃபீ விழுந்த அப்புறம் கேக்கறதைவிட ஜூலைலயே கேட்டா குடுக்கறாங்க.

ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல ஹவுசிங் ஸ்டேட்டஸ் மாத்தணும். ஆன் காம்பஸ்ல இருந்து ஆஃப் காம்பஸ்னு மாறினா அவங்க கணக்கு போடற காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸும், அதாவது ஒரு வருஷப் படிப்புக்கான மொத்தச் செலவு மதிப்பீடும் மாறலாம், அதோட எய்டும் மாறலாம். மாத்தறதுக்கு முன்னாடியே "மாத்தினா எனக்கு எவ்வளவு வரும்"னு கேட்டுடுங்க.

529 பிளான், அதாவது படிப்புக்குச் சேர்க்கற வரிச் சலுகை சேமிப்புக் கணக்கு வெச்சிருக்கற பெத்தவங்களுக்கு: பசங்க குறைஞ்சது ஹாஃப் டைம் படிச்சா ரூம், சாப்பாடு செலவுக்கு அதுல இருந்து எடுக்கலாம், சாப்டர் வீடா இருந்தாலும் சரி. ஆனா காலேஜுக்குச் சொந்தமில்லாத வீடுன்னா, காலேஜ் தன்னோட காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ்ல ரூம், சாப்பாட்டுக்குன்னு வெச்சிருக்கற தொகை வரைக்கும்தான். ட்யூஸ், டீஷர்ட், இனிஷியேஷன் ஃபீ எதுவும் கணக்குல வராது. ஹவுஸ் பில் எல்லாத்தையும் ஒரே வரியாப் போட்டு அனுப்பினா, ரூம் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, ட்யூஸ் எவ்வளவுன்னு பிரிச்சுக் கேட்டு வாங்கி வைங்க. செலவு பண்ணின அதே காலண்டர் வருஷத்துலயே பணத்தை எடுங்க, டிசம்பர்ல கட்டிட்டு ஜனவரில எடுக்காதீங்க.

8. விசாவுல இருக்கறவங்க இதைத் தாண்டிப் போயிடாதீங்க

எஃப்-1 ஸ்டூடன்ட் விசாவுல இருந்தா புது அட்ரஸை 10 நாளுக்குள்ள காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸுக்குச் சொல்லணும், அவங்க செவிஸ்ங்கற அரசாங்க டேட்டாபேஸ்ல ஏத்துவாங்க. அப்பா அம்மாவோட எச்-4 விசாவுல, கிரீன் கார்டுல இருக்கற பசங்க யுஎஸ்சிஐஎஸ்ங்கற குடியேற்ற ஆபீஸ் சைட்ல ஏஆர்-11ங்கற அட்ரஸ் மாற்ற ஃபார்மைப் போடணும், அதுக்கும் 10 நாள்தான். கோடைக்கு ஒரு இடம், ஆகஸ்ட்ல வீடுன்னு மாறினா ரெண்டு தடவையும் சொல்லணும்.

அடுத்தது கிச்சன் வேலை. சில வீடுகள்ல பாத்திரம் கழுவினா, பரிமாறினா பில்ல குறைச்சுக்குவாங்க, இல்ல சம்பளம் குடுப்பாங்க. சிட்டிசன் பசங்களுக்கு நல்ல வாய்ப்பு. எஃப்-1 பசங்க, பில் குறைச்சாலும் அது சம்பளம் மாதிரிதான், வீடு காலேஜோடது இல்லைன்னா அது ஆஃப் காம்பஸ் வேலையாயிடும். இன்டர்நேஷனல் ஆபீஸ்ல எஃப்-1 விஷயத்தைப் பார்க்கற டிஎஸ்ஓகிட்ட எழுத்துல கேட்டு அவங்க சரின்னு சொல்லாம ஒரு தட்டைக்கூட எடுக்காதீங்க. மெம்பர்ஸ் எல்லாரும் முறை வெச்சு வீட்டைப் பெருக்கறது, சுத்தம் பண்றது வேற விஷயம், அது எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான்.

குடியைப் பத்தியும் சொல்லிடறேன். 21 வயசுக்குக் கீழ குடிக்கறது எல்லா ஸ்டேட்லயும் சட்டப்படி பிரச்சனைதான். விசாவுல இருக்கற பையன் குடிச்சுட்டு வண்டி ஓட்டி அரெஸ்ட் ஆனா விசாவையே ரத்து பண்ணலாம். வீட்டுல பார்ட்டி நடக்கும்போது அங்கயே குடியிருக்கற பசங்களுக்குத் தள்ளிப் போக இடமில்ல, அதனால அந்த வீட்டோட ஆல்கஹால் ரூல் என்னன்னு முதல்லயே கேளுங்க. சொரோரிட்டி வீடுகள் பெரும்பாலும் குடிக்கு இடமில்லாதவை. ஃபிராடர்னிட்டில ஃபி டெல்டா தீட்டா மாதிரி 2000லயே வீட்டுக்குள்ள ஆல்கஹால் கூடாதுன்னு கொண்டு வந்தவங்க இருக்காங்க, மத்தது சாப்டருக்கு சாப்டர் மாறும்.

9. வீட்டை நேர்ல போய்ப் பாருங்க, அதோட ரிப்போர்ட்டையும் பாருங்க

ரஷ் டைம்ல காட்டறது கீழ் ஹால், பியானோ, படிக்கட்டு. நீங்க பார்க்க வேண்டியது மேல. மிட்வெஸ்ட்ல பல வீடுகள்ல கோல்ட் டார்ம்னு ஒண்ணு இருக்கும். மேல் மாடில ஒரே பெரிய ரூம், வரிசையா பங்க் பெட், எல்லாரும் அங்கதான் தூங்கணும், தனித்தனி ரூம்ல மேசையும் அலமாரியும் மட்டும் இருக்கும். நாள் முழுக்க இருட்டா வெச்சிருப்பாங்க, உள்ள பேசக் கூடாது, அலாரம் சத்தம் வரக் கூடாது, ஃபோனை வைப்ரேட்ல தலகாணிக்கு அடில வெச்சுத்தான் எழுந்துக்கணும். பனி கொட்டற ஜனவரிலயும் ஜன்னலைத் திறந்து வெச்சிருப்பாங்க. பசங்க ரெண்டு கம்பளிக்குள்ள சுருண்டு நல்லாவே தூங்கறாங்க, அது வேற. ஆனா ஆஸ்துமா, சைனஸ் இருந்தா காண்ட்ராக்ட் போடறதுக்கு முன்னாடியே டாக்டர் லெட்டரோட கேளுங்க, தூங்கறதுக்கு வேற ரூம் ஒதுக்குவாங்களான்னு. எலெக்ட்ரிக் கம்பளி அனுமதி உண்டான்னும் கேளுங்க, ஊர்ல இருந்து வந்த பசங்களுக்கு அது அவசியம்.

தீ பிடிச்சா தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்க்ளர் இருக்கான்னு கூரையை அண்ணாந்து பாருங்க. எமர்ஜென்சி படி எங்க, அது பூட்டியிருக்கா? காலேஜ்கள் வருஷா வருஷம் அக்டோபர் 1க்குள்ள போடற சேஃப்டி ரிப்போர்ட்ல தீ விபத்துப் பகுதி காம்பஸ்ல இருக்கற ஹவுசிங்குக்கு மட்டும்தான், காம்பஸுக்கு வெளில இருக்கற தனியார் சாப்டர் வீடு அதுல வராது, அதனால நீங்கதான் கேட்டாகணும். ரூம்ல விளக்கு ஏத்தறது, ஊதுபத்தி எதுவும் கூடாது, சாமி படத்துக்கு பேட்டரி விளக்கு வாங்கிக் குடுத்து அனுப்புங்க.

ஹேசிங் ரெக்கார்டைப் பார்க்காம எந்தப் பெத்தவரும் கையெழுத்து போடாதீங்க, இதை நான் கெஞ்சியே கேக்கறேன். 2024 டிசம்பர்ல ஸ்டாப் காம்பஸ் ஹேசிங் ஆக்ட்னு மத்திய சட்டம் வந்துச்சு. அதுபடி எந்த அமைப்பு ஹேசிங் பண்ணி விதியை மீறினதா காலேஜ் முடிவு பண்ணுச்சோ அந்த விவரத்தை காலேஜே தன்னோட சைட்ல போடணும். அதுல சாப்டர் பேரைத் தேடுங்க. பேர் வந்திருந்தா என்ன நடந்துச்சு, இப்போ தண்டனைக் காலம் முடிஞ்சுதான்னு காலேஜ்ல இந்த சங்கங்களைப் பார்த்துக்கற கிரீக் லைஃப் ஆபீஸ்ல ஃபோன் பண்ணிக் கேளுங்க. ஹவுஸ் டைரக்டர், ஹவுஸ் மாம்னு கூப்பிடுவாங்க, அப்படி ஒரு பெரியவங்க வீட்டுலயே தங்கறாங்களா, ராத்திரி பிரச்சனைன்னா யாரைக் கூப்பிடறது, அந்த நம்பரை வாங்கி வைங்க.

10. மே மாசத்துக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவுல

கடைசி பரீட்சை முடிஞ்ச மறுநாளே டார்மைக் காலி பண்ணச் சொல்வாங்க. வீடு ஆகஸ்ட்லதான் திறக்கும். சாமானை அங்க முன்கூட்டியே போட விடுவாங்களான்னு கேளுங்க, சில வீட்டுல பேஸ்மென்ட்ல விடுவாங்க, தொலைஞ்சா பொறுப்பு கிடையாது. ஸ்டோரேஜ் யூனிட் வேணும்னா மே மாசத்துக்கு முன்னாடியே புக் பண்ணுங்க, காலேஜ் ஊர்ல கடைசி வாரத்துல ஒண்ணும் கிடைக்காது.

ஊருக்கு டிக்கெட் போடறவங்க கவனிங்க. கிளாஸ் ஆரம்பிக்கற தேதியைப் பார்த்து சென்னைல இருந்து ரிட்டர்ன் டிக்கெட் போடாதீங்க. ரஷ்ஷுக்குத் தயாராக வொர்க் வீக்னு மெம்பர்ஸ் எல்லாரும் முன்னாடியே வரணும், வரலைன்னா ஃபைன் உண்டு. அந்தத் தேதியை சாப்டர்ல வாங்கிட்டு டிக்கெட் போடுங்க, ஆகஸ்ட்ல டிக்கெட் மாத்தினா எவ்வளவு ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

இன்சூரன்ஸ்: வீட்டோட இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு, உங்க பையன் லேப்டாப்புக்கு இல்ல. சொந்த வீடு வெச்சிருக்கற பெத்தவங்க, உங்க ஹோம் இன்சூரன்ஸ் டார்ம்ல இருந்த பொருளுக்கு கவர் குடுத்திருக்கலாம், சாப்டர் வீட்டுக்கும் குடுக்குமான்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க. இல்லைன்னா ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் தனியா எடுங்க, செலவு அதிகமில்ல.

11. லீவு நாளும் டெபாசிட்டும்

தேங்க்ஸ்கிவிங், விண்டர் பிரேக்ல பல சாப்டர் வீடுகளை முழுசா பூட்டிடுவாங்க. டார்ம்லயாவது பிரேக் ஹவுசிங்னு ஏதாவது இருக்கும், இங்க ஹீட்டரைக் குறைச்சு எல்லாரையும் வெளில அனுப்பிடுவாங்க. இந்த ஊர்ல வீடு இருக்கற பசங்களுக்குப் பிரச்சனையில்ல, தமிழ்நாட்டுல இருந்து தனியா வந்து படிக்கற பிள்ளைங்க டிசம்பர்ல மூணு நாலு வாரம் எங்க இருப்பாங்க? காண்ட்ராக்ட் போடறப்பவே மூடற தேதி திறக்கற தேதி வாங்கி, சொந்தக்காரங்க வீடோ காலேஜ் பிரேக் ஹவுசிங்கோ முடிவு பண்ணிடுங்க. பக்கத்து ஊர்ல நம்ம தமிழ்க் குடும்பம் இருந்தா தயங்காம கேளுங்க, நாங்களே பொண்ணோட ஹவுஸ்மேட் ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து வெச்சிருந்தோம்.

உள்ள போற அன்னைக்கு சுவர், மெத்தை, ஜன்னல் ஸ்க்ரீன், கார்பெட் கறை எல்லாம் ஃபோட்டோ எடுத்து ஹவுஸ் மேனேஜருக்கு அன்னைக்கே ஈமெயில் பண்ணுங்க, அடுத்த வருஷம் அந்த மேனேஜர் மாறியிருப்பா, மெயில் மட்டும்தான் சாட்சி. பொது இடத்துல யார் உடைச்சதுன்னு தெரியாத டேமேஜை எல்லாரும் பிரிச்சுக் கட்டற வரி காண்ட்ராக்ட்ல இருக்கான்னும் பாருங்க, ஃபிராடர்னிட்டி வீடுகள்ல டெபாசிட் கரையறது பெரும்பாலும் இதுலதான்.

லீஸா இருந்தா டெபாசிட் திருப்பறதுக்கு ஸ்டேட் சட்டம் கெடு வெச்சிருக்கு. கலிஃபோர்னியால 21 நாள், டெக்சஸ்ல 30, இண்டியானால 45. ஆனா டெக்சஸ், இண்டியானா மாதிரி ஸ்டேட்கள்ல உங்க புது அட்ரஸை எழுத்துல குடுத்தாத்தான் அவங்க திருப்பிக் குடுக்கக் கடமைப்பட்டவங்க. சாவி குடுக்கற அன்னைக்கே செக் எந்த அட்ரஸுக்கு வரணும்னு ஹவுஸ் கார்ப்பரேஷனுக்கு எழுதி அனுப்பிடுங்க, ட்ரெஷரர் பொண்ணுக்கு டெக்ஸ்ட் பண்ணினது கணக்குல வராது.